கதீட்டர் முனையில் வந்த மாற்றங்கள்: இதயத் துடிப்புக் கோளாறுக்கான ரேடியோ அலைச் சிகிச்சை

இதயத் துடிப்புக் கோளாறுக்கு ரேடியோ அலைச் சிகிச்சை செய்துகொள்ள வருவோரும் அவர்தம் குடும்பத்தினரும் இப்போது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "புதுவகைக் கதீட்டர் வந்திருக்கிறதாமே, அதைக் கொண்டே செய்துவிடலாமா?" நியாயமான கேள்விதான். ஆனால் எது புதியது என்பதைவிட, எந்தக் கதீட்டர் எந்தச் சிக்கலைத் தீர்க்க உருவானது என்பதை அறிந்துகொண்டால் விடை எளிதில் கிடைக்கும்.

சிகிச்சை நிகழும் விதம்

ஒவ்வொரு இதயத் துடிப்பும் ஒரு சிறிய மின்தூண்டலில் தொடங்குகிறது. வலது மேலறையிலுள்ள சைனஸ் கணுவில் தோன்றும் அத்தூண்டல், மேலறைகளில் பரவி, ஏ.வி. கணுவைக் கடந்து கீழறைகளை அடைகிறது. சிலருக்குப் பிறவியிலேயே கூடுதலான மின்பாதை ஒன்று அமைந்துவிடும். வேறு சிலருக்குத் தவறான இடத்திலிருந்து மின்தூண்டல் கிளம்பும். அப்போது இதயம் காரணமின்றிப் படபடக்கிறது.

தொடையின் மேற்பகுதியிலுள்ள இரத்தக் குழாய் வழியாக, சுமார் இரண்டரை மில்லிமீட்டர் பருமனுள்ள கதீட்டரை இதயத்துக்குள் செலுத்திக் கோளாறு தோன்றும் இடத்தைக் கண்டறிகிறோம். பின்னர் அதன் முனை வழியே ரேடியோ அலை மின்னோட்டத்தைப் பாய்ச்சுகிறோம். முனை பழுக்கக் காய்ச்சிய சூட்டுக்கோல் அன்று. மின்னோட்டம் பாயும் தசையே ஓரிரு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சூடாகி, அங்கிருந்து வெப்பம் உள்ளே பரவுகிறது. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும் தசை, மின்தூண்டலைக் கடத்தும் ஆற்றலை நிரந்தரமாக இழந்து, நாளடைவில் தழும்பாகிறது.

குறைந்தாலும் இடர், மிகுந்தாலும் இடர்

சூடு போதாவிடில் தசை தற்காலிகமாகச் செயலிழந்து மீண்டும் உயிர்பெறும், நோய் திரும்பும். சூடு மிகுந்து 100 டிகிரியை எட்டினால், தசைக்குள் உள்ள நீர் ஆவியாகி வெடித்து, இதயச் சுவர் கிழிபட நேரலாம். அடிபிடித்த பாலைப் போல முனையில் இரத்தம் கருகி ஒட்டிக்கொள்வதும் உண்டு. அத்துகள் பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். மேலறைச் சுவர் பல இடங்களில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனமே உடையது; இடது கீழறைச் சுவரோ ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனமுடையது. இரண்டுக்கும் ஒரே அளவு சூடு பொருந்தாது. கதீட்டர் வடிவமைப்பில் வந்த மாற்றங்கள் பெரும்பாலும் இந்த அளவைச் சரியாக அமைப்பதற்கான முயற்சிகளே.

ஒவ்வொரு மாற்றமும் ஒரு விடை

1980களின் பிற்பகுதியில் இச்சிகிச்சை நடைமுறைக்கு வந்தபின் நிலைபெற்றது 4 மில்லிமீட்டர் உலோக முனை. அது உண்டாக்கும் தழும்பு சிறியது. ஆழமான தழும்பு வேண்டியபோது 8 மில்லிமீட்டர் முனை வந்தது. ஆயினும் இரத்தம் கருகும் சிக்கல் நீங்கவில்லை.

அதற்கு விடையாக வந்ததே சலைன் பாயும் முனை. நுண்துளைகள் வழியே சலைன் வெளியேறி முனையைக் குளிர்விப்பதால், இரத்தம் கருகாமலேயே தசைக்குள் கூடுதல் ஆற்றலைச் செலுத்த முடிகிறது. இதிலும் ஒரு குறை உண்டு. நீண்ட சிகிச்சையில் பாயும் சலைன் ஒரு லிட்டரையும் தாண்டி உடலில் சேரக்கூடும். ஆகவே இதயச் செயலிழப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், படுத்தால் மூச்சுத் திணறுவோர், கால் வீங்குவோர் அதனை முன்கூட்டியே கட்டாயம் தெரிவிக்க வேண்டும். துளைகளின் எண்ணிக்கையைப் பெருக்கிச் சலைன் தேவையைக் குறைத்த முனைகள் பின்னர் வந்தன.

அடுத்த சிக்கல், முனை தசையில் எவ்வளவு அழுந்தியுள்ளது என்பது. துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்தில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து இதைக் கணிப்பது கடினம். முனை தளர்வாகப் பட்டால் தழும்பு பதியாது. மிகுதியாக அழுந்தினால் துளைபடும் அபாயம். அழுத்த உணரி பொருத்திய கதீட்டர், இந்த விசையைக் கிராம் அளவில் திரையில் உடனுக்குடன் காட்டுகிறது.

சலைன் குளிர்விப்பதால் முனையின் வெப்பமானி தசையின் உண்மையான சூட்டைக் காட்டுவதில்லை. இதற்கென வைரம் பதித்த முனை வந்துள்ளது. வைரம் வெப்பத்தைக் கடத்துவதில் செம்பையும் விஞ்சியது. ஆகவே குறைந்த சலைனிலேயே முனை குளிர்கிறது, வெப்பநிலையும் துல்லியமாகத் தெரிகிறது. 2024ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த மற்றொரு கதீட்டரின் முனை, 9 மில்லிமீட்டர் வலைப்பந்து வடிவிலானது. ரேடியோ அலையையும், பெரும்பாலும் வெப்பத்தைச் சாராமல் செயல்படும் துடிப்பு மின்புல ஆற்றலையும் அந்த ஒரே முனையால் செலுத்தலாம்.

உங்களுக்கு எது பொருந்தும்?

ஏ.வி. கணுவை ஒட்டிய சுழல்மின்னோட்டத்தால் வரும் படபடப்புக்கு, பழைய 4 மில்லிமீட்டர் முனையே இன்றும் பெரிதும் பயன்படுகிறது. இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். அங்கே தழும்பு சிறியதாக இருப்பதே நலம். பெரிதானால் கணுவே பழுதுபட்டு, பேஸ்மேக்கர் பொருத்த நேரிடலாம். விலை மிகுந்த முனையால் இத்தகையோருக்குப் பெரிய ஆதாயம் இல்லை.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கத்தில் நிலைமை வேறு. இந்நடுக்கத்தைத் தூண்டும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்பதைப் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998இல் வெளியிட்டனர். அச்சிரைகளின் வாயைச் சுற்றி இடைவெளியின்றித் தழும்பு அமைக்க வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போனாலும் நோய் திரும்பலாம். ரேடியோ அலையால் இதனைச் செய்யும்போது சலைன் பாய்வதும் அழுத்த உணரியும் உண்மையாகவே உதவுகின்றன. தடித்த கீழறைச் சுவரில் தோன்றும் கோளாறுகளுக்கும் இது பொருந்தும்.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் கோளாறு இதயத்தின் எப்பகுதியில் தோன்றுகிறது? அதற்கு எவ்வகை முனை, எக்காரணத்தால் தேவை? நோய் திரும்பவும் சிக்கல் நேரவும் எவ்வளவு வாய்ப்பு உண்டு?

வீடு திரும்பிய பின்

எந்தக் கதீட்டரைப் பயன்படுத்தினாலும் கவனிப்பு மாறாது. மேலறை நடுக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்கள், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தை மருத்துவர் கூறாமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது; படபடப்பு நின்றுவிட்டாலும் குறைந்தது இரண்டு மூன்று மாதங்கள் அதனைத் தொடர வேண்டியிருக்கும். அக்காலத்தில் இடையிடையே படபடப்பு வருவதைக் கொண்டு சிகிச்சை பலிக்கவில்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம், ஆயினும் தெரிவியுங்கள்.

இடது மேலறையின் பின்னால் உணவுக்குழாய் ஒட்டிச் செல்கிறது. மிக அரிதாக, சூட்டினால் இரண்டுக்கும் இடையே துளை விழக்கூடும்; அறிகுறிகள் பெரும்பாலும் சில வாரங்கள் கழித்தே தோன்றும். சிகிச்சைக்குப் பிந்தைய இரண்டு மாதங்களுக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் ஆகியவற்றுள் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வேறு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால், இச்சிகிச்சை செய்துகொண்டதை முதலிலேயே கூறிவிடுங்கள். இந்நிலையில் எண்டாஸ்கோபி செய்வது உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளியால் பேச இயலாத நிலையில் இதைச் சொல்ல வேண்டியவர் உடனிருப்பவரே. ஆதலால் சிகிச்சை விவரத் தாளை வீட்டில் அனைவரும் அறிந்த இடத்தில் வைத்திருங்கள்.