கேட்காமலே சொல்ல வேண்டிய கணக்கு

ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் 1994 டிசம்பரில் ஒரு விசித்திரக் கூட்டம். அரசுப் பணிகளின் செலவுக் கணக்கு மக்கள் முன் உரக்க வாசிக்கப்பட்டது. தொடர்ந்து நடந்த இத்தகைய கூட்டங்களில், வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி பட்டுவாடா ஆன கதைகள் வெளிவந்தன. 1996ல் பியாவர் நகரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு 40 நாள் தர்ணா இருந்து கேட்டது, இந்தக் கணக்குகளின் நகலைத்தான்.

2005ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒரு படி மேலே போனது. யாரும் கேட்காமலே பட்ஜெட், மானியம் பெறுவோர் விவரங்களை இலாகாக்கள் தாமே வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4வது பிரிவு. இலாகாக்களுக்குப் பிடித்ததென்னவோ தலைவர் படம் போட்ட முழுப் பக்க விளம்பரம்தான். யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் அதில் இருக்காது.

அந்த விவரத்தை ஊர்வாரியாகத் தரவே 2019ல் ராஜஸ்தான் அரசு 'ஜன் சூசனா' இணையதளத்தைத் தொடங்கியது. ரேஷன் கோதுமைக் கணக்கும் அதில் உண்டு. கையில் போன் இல்லாத கூலிப் பெண் அதைப் பார்க்க இ-மித்ரா மையத்துக்குத்தான் நடக்க வேண்டும்.