பயிற்சிக் குறிப்பேடு

உடற்பயிற்சி செய்யும் இளைஞர் ஒருவரை, "சென்ற மாதத்தைவிட வலிமை கூடியிருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "கூடினாற்போல் இருக்கிறது" என்பார். அந்தப் 'போல்' என்னும் ஐயத்தை நீக்குவதே குறிப்பேட்டின் பணி.

இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகாகோவில் பயிற்சியளித்த மருத்துவர் தாமஸ் டிலார்ம், 1945இல் தம் முறையை வெளியிட்டார். ஒருவர் தொடர்ந்து பத்து முறை மட்டுமே தூக்க இயலும் எடையை வாரந்தோறும் அளந்து, அதற்கேற்பச் சுமையை உயர்த்தினார். அளவை எழுதி வைக்காவிடில் உயர்த்துவது எங்ஙனம்?

நாள், பயிற்சி, எடை, எண்ணிக்கை, வலி ஆகிய ஐந்தையும் அன்றன்றே எழுதுக. எடை ஏறாத வாரத்தையும் மறைத்தல் வேண்டா. பிழையான கணக்கை மாணவன் அழித்துவிட்டால் ஆசிரியர் எதைத் திருத்துவார்?

அறுபதைக் கடந்த நானும், நாற்காலியில் கையூன்றாமல் எத்தனை முறை எழுகிறேன் என்று எழுதி வருகிறேன். சென்ற மாதம் ஏழு, இன்று ஒன்பது. ஏடு இதைக் காட்டியிராவிடில், முதுமையின்மேல் பழியைப் போட்டுப் பயிற்சியை விட்டிருப்பேன்.