மீண்டவர் ஈந்த மருந்து

ஆனி, ஆடித் திங்கள்களில் தென்காசியில் நிற்பவரைக் குற்றாலச் சாரல் தானே வந்து தழுவும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என எங்கும் மக்கள் வெள்ளம் அலைமோதும். ஆயின், 2020ஆம் ஆண்டுச் சாரல் பருவத்தில் அருவிகள் வீழ்ந்தன, நீராடுவார் இலர். கொரோனா என்னும் கொள்ளைநோய் பரவியமையால் நீராடத் தடை விதிக்கப்பட்டிருந்தது. 2019 நவம்பர் 22ஆம் நாள் தனி மாவட்டமாக மலர்ந்த தென்காசி, ஆறு திங்கள் நிறைவதற்குள் இந்நோயை எதிர்கொள்ள நேர்ந்தது. புளியங்குடியில் தெருக்கள் அடைக்கப்பட்டன.

உரிய மருந்தின்றி உலகமே கலங்கிய அந்நாளில் மக்களுக்கு நம்பிக்கையூட்டிய சொற்களுள் ஒன்று 'பிளாஸ்மா'. நோயினின்று மீண்டவரின் குருதி, நோயுற்றவரைக் காக்கும் என்னும் செய்தி நாடெங்கும் பரவியது. அம்மருத்துவம் எத்தகையது, அதனால் விளைந்தது யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

குருதி நீர்மம்

குருதிக்குச் செந்நீர் என்று பெயரிட்டனர் நம் முன்னோர். அச்செந்நிறம் சிவப்பணுக்களுக்கு உரியது. அணுக்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெளிர்மஞ்சள் நிறமுடைய நீர்மம். அதுவே பிளாஸ்மா. குருதியில் ஏறத்தாழ 55 விழுக்காடு இந்நீர்மமே ஆகும். இதில் பெரும்பகுதி தண்ணீர். எஞ்சியவை புரதங்களும் உப்புகளும் பிறவும். நோய்க்கிருமியை எதிர்க்க உடல் ஆக்கிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்கள் இந்நீர்மத்தில் உலவுகின்றன.

தடுப்பூசி நம் உடலையே படை திரட்டச் செய்வது. மீண்டவரின் நீர்மமோ பிறர் திரட்டிய படையை நமக்கு இரவலாகத் தருவது. இயற்கை இம்முறையை முன்னரே அறியும். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் கருவறையிலேயே சேயை அடைகின்றன. சீம்பால் வழியாகவும் அதற்குக் காப்பளிக்கின்றன. ஆயினும் இரவல் படை நெடுநாள் நில்லாது. சில வாரங்களில் குறையத் தொடங்கும்.

வரலாறு

இக்கருத்து புதியதன்று. 1890ஆம் ஆண்டு செருமனி நாட்டு எமில் வான் பெரிங்கும் சப்பானிய அறிஞர் கிடசாட்டோவும், நோயெதிர்ப்புப் பெற்ற விலங்கின் ஊநீர் தொண்டையடைப்பான், நரம்பிசிவு ஆகிய நோய்களின் நஞ்சை முறிப்பதைக் கண்டறிந்தனர். மருத்துவத்திற்கான முதல் நோபல் பரிசு 1901இல் பெரிங்குக்கு வழங்கப்பட்டது. 1918ஆம் ஆண்டுப் பெருங்காய்ச்சலின்போது மீண்டவர் குருதி பயன்படுத்தப்பட்டது. அர்சென்டினா நாட்டில் பரவிய குருதிக்கசிவுக் காய்ச்சலில், நோய் கண்ட எட்டு நாள்களுக்குள் நீர்மம் ஏற்றியபோது, 16 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு ஒரு விழுக்காடாகக் குறைந்ததென 1979இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

மலையடிவாரத்தில் வாழும் நமக்கு நெருங்கியதோர் எடுத்துக்காட்டும் உண்டு. வயலில் பாம்பு தீண்டிய உழவருக்கு மருத்துவமனையில் செலுத்தப்படும் நச்சுமுறிவு மருந்து இத்தகையதே. பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுப்பர். அதற்கான நஞ்சைத் திரட்டித் தரும் பணியை, 1978இல் தோன்றிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் செய்துவருகிறது.

பழிச்சொல்லும் ஈகையும்

கொரோனாவினின்று மீண்டவர் ஒருவர் நீர்மம் ஈய வரும்போது, பொறி ஒன்று அவர் குருதியை ஏற்று, நீர்மத்தை மட்டும் பிரித்துக்கொண்டு, அணுக்களை அவர் உடலுக்கே திருப்பி அனுப்பும். பெறப்பட்ட நீர்மத்தை உறைநிலையில் சேமிப்பர். 2020 சூலைத் திங்களில் முதலில் டெல்லியிலும், பின்னர்ச் சென்னை இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் பிளாஸ்மா வங்கிகள் திறக்கப்பட்டன.

இவ்விடத்தில் ஒன்றை நாம் மறத்தல் இயலாது. 2020 மார்ச்சுத் திங்களில் டெல்லி நிசாமுதீனில் கூடிய தப்லீக் சமாஅத்தார் சிலருக்கு நோய் கண்டதும், ஒரு சமுதாயம் முழுவதன் மீதும் பழி சுமத்தப்பட்டது. கடைத்தெருவிலும் அண்டை வீட்டிலும் கேட்ட சொற்கள் நம் பெரியோர் பலரின் நெஞ்சில் இன்றும் ஆறாமல் உள்ளன. ஆனால் அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில், இரமலான் நோன்பு தொடங்கிய நாள்களில், நோயினின்று மீண்ட அச்சமாஅத்தார் பலர் நீர்மம் ஈய முன்வந்தனர். பெறுபவர் இந்துவா, கிறித்தவரா, இசுலாமியரா என அவர்கள் வினவவில்லை. பழித்தவர்க்கும் பயன்படுமாறு குருதி தந்த அச்செயல் எவ்வாதத்தினும் வலிய மறுமொழியன்றோ?

ஆய்வு கூறிய விடை

அக்கொடை நோயைத் தீர்த்ததா? இங்கே நாம் உண்மைக்கு அஞ்சாது விடை காணல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஏப்ரல் முதல் சூலை வரை 39 மருத்துவமனைகளில் 464 நோயாளரை ஆராய்ந்தது. ஒரு சாரார்க்கு வழக்கமான மருத்துவத்துடன் 200 மில்லி லிட்டர் வீதம் இருமுறை நீர்மம் ஏற்றப்பட்டது, மறுசாரார்க்கு ஏற்றப்படவில்லை. நோய் முற்றியோரும் இறந்தோரும் முதற் பிரிவில் 19 விழுக்காடு. மற்றதில் 18 விழுக்காடு. பயன் ஏதும் புலப்படவில்லை. பிரித்தானியாவில் 11,000க்கும் மேற்பட்டோரிடம் நிகழ்ந்த பேராய்வும் இதனையே கூறிற்று. இரு பிரிவிலும் இறந்தோர் 24 விழுக்காட்டினர். எனவே, 2021 மே 17ஆம் நாள் இந்திய மருத்துவ நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. உலக நலவாழ்வு அமைப்பும் அவ்வாண்டு திசம்பரில், கடும் நோயாளரிடம் ஆய்வாகச் செய்வதன்றி, இதனைப் பரிந்துரைக்கவில்லை.

நஞ்சுமுறிவில் வென்ற வழி இங்கே தோற்றது ஏன்? காலமும் அளவுமே காரணங்கள். மருத்துவமனையை அடையும்போது நோயாளர் பெரும்பாலோரின் உடல் தனக்குரிய எதிர்ப்புப் புரதங்களை ஆக்கிவிட்டிருந்தது. அதற்குப் பின் நுரையீரலைச் சிதைப்பது கிருமியைவிட உடலின் கட்டுமீறிய அழற்சியே. மேலும், மீண்டோர் எல்லார் குருதியிலும் எதிர்ப்புப் புரதம் ஒரே அளவில் இல்லை. இலேசாக நோயுற்று மீண்டோரிடம் அது பெரும்பாலும் குறைவு. அர்சென்டினாவில் முதியோர் 160 பேரிடம் நிகழ்ந்த ஆய்வில், ஒரு சாரார்க்கு நோய்க்குறி தோன்றிய 72 மணி நேரத்திற்குள், எதிர்ப்புப் புரதம் மிகுந்த நீர்மத்தை ஏற்றியபோது, கடுமையான மூச்சு நோய் 31 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தது.

நாம் கொள்ளத்தக்கது

2021ஆம் ஆண்டு இரண்டாம் அலையின்போது நீர்மம் தேடி இரவு பகலாக அலைந்த குடும்பங்களின் துயரை நாம் அறிவோம். அது கிடைக்காமற்போனதே உறவினரை இழக்கக் காரணம் என்று தம்மையே நொந்துகொள்வோர் இன்றும் உளர். அவர்களிடம் ஆய்வின் முடிவை எடுத்துரைத்தல் கற்றோரின் கடமை. அவர்கள் தவறிழைக்கவில்லை, அது கிடைத்திருப்பினும் முடிவு மாறியிருக்கும் எனக் கூற இயலாது.

மருந்து பயன் தராமற்போனதால் கொடையும் வீணாயிற்று என எண்ணுதல் பிழை. ஈந்தவர் இல்லையேல் ஆய்வில்லை. ஆய்வில்லையேல் உண்மையும் இல்லை. நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். எம்மருந்து பயன்தரும் என்று ஆராய்ந்து தெளிவதும் அந்நெறியின் பாற்பட்டதே என்பது நம் துணிபு.

மாணவச் செல்வங்களே! குருதிக் கொடையின் தேவை கொள்ளைநோயோடு முடிந்துவிடவில்லை. விபத்துற்றோர்க்கும் மகப்பேற்றுத் தாயர்க்கும் தீக்காயமுற்றோர்க்கும் குருதியும் நீர்மமும் நாள்தோறும் வேண்டப்படுகின்றன. குற்றால அருவி நீராடுவாரிடம் குலம் கேட்பதில்லை, குருதியும் அத்தகையதே. ஈவோம், ஆராய்ந்து தெளிவோம்.