ஆங்கிலத் தேசிய வாழ்வும் அதன் நிறுவனங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கிலேயரின் தேசிய வாழ்வை விளக்க முற்படுவோர் பலர் 'தேசிய குணம்' என்ற ஒன்றிலிருந்தே தொடங்குவர். நிதானம், சமரச மனப்பாங்கு, மரபின் மீதான பற்று, திடீர் மாற்றங்களில் ஐயுறவு என்பன அக்குணத்தின் கூறுகளாகச் சொல்லப்படுவன. தொகுத்து எழுதப்பட்ட அரசியல் யாப்பு எதுவுமின்றிப் பாராளுமன்ற ஆட்சி நிலைத்திருப்பதும், முடியாட்சி இன்றுவரை தொடர்வதும் அதன் விளைவுகளெனக் கொள்ளப்படுகின்றன. இவ்விளக்கம் காரணத்தையும் காரியத்தையும் இடம்மாற்றி வைக்கின்றது. நீண்ட போராட்டங்களினூடாக உருவான நிறுவனங்களே அக்குணத்தை வளர்த்தன. அதனை இயற்கையானதென நம்பவும் வைத்தன. இக்கருத்தைச் சில வரலாற்றுச் சான்றுகளின் துணையுடன் நோக்குவோம்.

சமரசத்துக்குப் பெயர்பெற்ற இந்நாட்டில் 1642 இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1649 ஜனவரி 30 ஆந் திகதி முதலாம் சாள்ஸ் மன்னன், விசாரணையின் பின், சிரச்சேதம் செய்யப்பட்டான். முடியாட்சியும் பிரபுக்கள் சபையும் அவ்வாண்டிலேயே ஒழிக்கப்பட்டன. பிரான்சில் பதினாறாம் லூயி கொல்லப்படுவதற்கு 144 ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது இது. அதற்கும் முன்பாக, 1647 இல் பட்னியில் நடைபெற்ற விவாதங்களில், பாராளுமன்றப் படையினரின் பிரதிநிதிகள் சொத்தற்றவனுக்கும் வாக்குரிமை வேண்டுமென வாதாடினர்.

1660 இல் முடியாட்சி மீண்டது. அரியணையேறிய இரண்டாம் சாள்ஸின் ஆட்சியாண்டுகள் அவனது தந்தை இறந்த நாளிலிருந்தே கணக்கிடப்பட்டன. மன்னனில்லாத பதினோராண்டுகள் சட்ட ஏடுகளிலிருந்து மறைந்தன. ஆங்கில வரலாற்றின் 'அறாத் தொடர்ச்சி' எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1688 இன் ஆட்சிமாற்றமும் 1689 இன் உரிமைகள் சட்டமும் மன்னனைப் பாராளுமன்றத்துக்குக் கட்டுப்படுத்தின. எனினும் அப்பாராளுமன்றம் நிலவுடைமையாளரினதும் அவர்களோடு நலன் இணைந்த வணிகரினதும் சபையாகவே இருந்தது. பட்னியில் ஒலித்த கோரிக்கைக்கு அதில் இடமிருக்கவில்லை.

இவ்வுடன்பாட்டை நாளாந்த வாழ்வில் நிலைநிறுத்தியவை ஏனைய நிறுவனங்களாகும். 1534 இல் உரோமிலிருந்து பிரிந்த திருச்சபை, மன்னனைத் தன் தலைவனாக ஏற்றது. 1549 இன் பொது வழிபாட்டு நூலும் 1611 இன் விவிலிய மொழிபெயர்ப்பும் பல தலைமுறையினரின் செவியில் ஒரே மொழிநடையைப் பதித்தன. நாட்டுப்புறத்தில் சமாதான நீதவானாக அமர்ந்தவன் பெரும்பாலும் அவ்வூர் நிலவுடைமையாளனே. அவனது நிலத்தில் உழைத்தோருக்குச் சட்டமும் நிலக்கிழானும் ஒரே முகத்துடன் தோன்றினர்.

கல்வி நிறுவனங்களின் பங்கு தனித்து நோக்கற்பாலது. ஈற்றன் கல்லூரி 1440 இல் ஆறாம் ஹென்றி மன்னனால் எழுபது வறிய மாணவர்க்கு இலவசக் கல்வி அளிக்கத் தாபிக்கப்பட்டது. காலப்போக்கில் அது செல்வர் புதல்வரின் கல்லூரியாயிற்று. கட்டணம் பெறும் இத்தகைய தனியார் பாடசாலைகளுக்கு வழங்கும் 'பப்ளிக் ஸ்கூல்' என்ற பெயரிலேயே பழைய நோக்கம் எஞ்சியுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கைத்தொழிலாற் செல்வம் ஈட்டியோரின் பிள்ளைகளும் நிலப்பிரபுக்களின் பிள்ளைகளும் இவற்றில் ஒன்றாகப் பயின்று, ஒரே உச்சரிப்பும் ஒரே நடத்தை முறையும் உடைய 'கனவான்'களாக வெளிவந்தனர். அரசாங்க சேவையும் பேரரசின் நிருவாகமும் அவர்களுக்குத் திறந்திருந்தன. ஆங்கிலேயரின் பொதுக் குணமெனப் பின்னர் போற்றப்பட்டதிற் பெரும்பகுதி, இச்சிறு வகுப்பினரின் பயிற்சியே.

ஆயினும் ஆளும் வர்க்கத்தினர் மட்டுமே ஆங்கிலத் தேசிய வாழ்வை உருவாக்கினர் எனக் கொள்வதும் தவறாகும். 1960களில் பெரி அன்டர்சனுக்கும் இ. பி. தொம்சனுக்கும் இடையே எழுந்த விவாதம் இதனையே பொருளாகக் கொண்டது. ஆங்கில முதலாளித்துவப் புரட்சி முழுமையுறவில்லை என்றும் அதனால் தொழிலாளர் இயக்கமும் ஒடுங்கிற்று என்றும் அன்டர்சன் கருதினார். தன் 1963 ஆம் ஆண்டு நூலில் தொழிலாளி வர்க்கம் தன்னைத் தானே ஆக்கிக்கொண்டதைக் காட்டிய தொம்சன் இதனை மறுத்தார். 1819 இல் மான்செஸ்ரர் பீற்றர்லூவில் குதிரைப்படையாற் தாக்கப்பட்டோரும், 1838 இல் மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளை முன்வைத்தோரும் அம்மரபினர். பாராளுமன்றம் அக்கோரிக்கைகளை மும்முறை நிராகரித்தது. ஆண்டுதோறும் தேர்தல் என்பது தவிர்ந்த ஏனைய ஐந்தும் பின்னர் சட்டமாயின. பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற 1928 வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று ஆங்கிலச் சனநாயகமெனப்படுவது இவ்வாறு ஒவ்வொரு படியாக வற்புறுத்திப் பெறப்பட்டதேயாகும்.

ஆங்கில அடையாளத்தின் இன்றைய நெருக்கடிக்கும் நிறுவன வரலாற்றிலேயே விளக்கம் உண்டு. 1707 இன் ஒன்றிணைப்பின்போது ஸ்கொத்லாந்து தன் திருச்சபையையும் சட்டமுறையையும் பேணிக்கொண்டது. இங்கிலாந்தோ பிரித்தானியாவின் பாராளுமன்றத்தையும் பேரரசையும் தன்னுடையனவாகவே கருதியமையால், தனக்கெனத் தனிச்சபை வேண்டுமென எண்ணவில்லை. பேரரசு கலைந்தது. 1999 இல் ஸ்கொத்லாந்திலும் வேல்ஸிலும் தனிச்சபைகள் இயங்கத் தொடங்கின. இங்கிலாந்துக்கு அத்தகைய சபை இல்லை. 2016 இன் வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக இங்கிலாந்தில் 53.4 சதவீதத்தினர் வாக்களிக்க, ஸ்கொத்லாந்தில் 62 சதவீதத்தினர் அதில் நீடிக்கவே வாக்களித்தனர். அவ்வாக்கைத் தீர்மானித்த காரணங்கள் பல. ஆயினும் தன் பெயரிற் பேசும் நிறுவனமற்ற ஒரு தேசிய உணர்வு அதிலே வெளிப்பட்டது என்பதை மறுத்தல் அரிது.

இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. சோல்பரி யாப்பு வெஸ்ற்மின்ஸ்ரர் முறையின் வடிவத்தை இலங்கைக்குக் கொணர்ந்தது. எந்தவோர் இனத்துக்கும் பாரபட்சமான சட்டம் இயற்றலாகாதென அதன் 29 ஆம் பிரிவு விதித்தது. ஆனால் 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியபோது அப்பிரிவு அவர்களைக் காக்கவில்லை. 1953 இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அச்சட்டம் செல்லுமென்றே தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் வடிவத்தை இரவலாகப் பெறலாம். அதனை நேர்மையாக இயங்கச் செய்த மக்கட் போராட்டத்தை இரவல் பெற இயலாது. இங்கிலாந்தின் வரலாறு நமக்கு உணர்த்தும் தலையாய உண்மை இதுவே.