திரைக்குப் பின்னே ஒரு முதல்வர்

வணிகச் சட்ட வகுப்பில் 'முதல்வர்' என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது, நம் கல்லூரி முதல்வரை நினைத்துக்கொண்டு நாங்கள் சிரித்தோம். சட்டம் கூறும் முதல்வர் வேறு. தமக்காகப் பிறரிடம் வாங்கவோ விற்கவோ ஒருவரை அமர்த்துபவர் முதல்வர், அமர்த்தப்பட்டவர் முகவர், முகவரோடு ஒப்பந்தம் செய்பவர் மூன்றாம் தரப்பினர்.

இந்தப் பாடம் எங்கள் வீட்டிற்கே வந்தது. மயிலாப்பூரிலுள்ள என் அத்தை, 20,000 ரூபாய் பெறும் பட்டுச் சேலைகளை விற்றுத் தரும்படி பக்கத்து வீட்டு அம்மாளிடம் கொடுத்தார். அந்த அம்மாளோ தம் சொந்தச் சரக்கைப் போலத் தியாகராயநகர்க் கடை ஒன்றில் விற்றுவிட்டார். அவர் தரவேண்டிய பழைய பாக்கி 5,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு, மீதியைத்தான் தருவேன் என்றார் கடைக்காரர்.

"ஏண்டா, பி.காம். படிக்கிறியே! சேலை என்னோடது, கடன் அவளோடது. இது என்ன நியாயம்?" என்றார் அத்தை.

நான் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டினேன். முகவர் செய்த ஒப்பந்தத்தை, முதல்வர் தாமே செய்ததைப் போல நிறைவேற்றக் கோரலாம் என்கிறது 226ஆம் பிரிவு. பெயர் வெளிவராத முதல்வரும் கோரலாம் என்கிறது 231ஆம் பிரிவு. ஆகவே, முன்பின் அறியாத கடைக்காரரிடமும் அத்தைக்கு உரிமை உண்டு.

ஆனால் 232ஆம் பிரிவு ஒரு கடிவாளம் போடுகிறது. எதிரே இருப்பவர் முகவர் என்று அறியாமலும், ஐயுற நியாயமான காரணம் இல்லாமலும் ஒருவர் ஒப்பந்தம் செய்திருந்தால், அவருக்கும் முகவருக்கும் இடையேயுள்ள கொடுக்கல் வாங்கலுக்கு உட்பட்டே முதல்வர் உரிமை பெறுவார். இதே பிரிவில் சட்டம் காட்டும் உதாரணமும் இத்தகையதே: முகவர் 500 ரூபாய் கடன்பட்டவரிடம் 1,000 ரூபாய் அரிசியை விற்கிறார்; முதல்வர் அக்கடனைக் கழிக்க விடாமல் அரிசியை ஏற்கும்படி வற்புறுத்த முடியாது.

இது அநீதியா? எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பழைய பாக்கியும் இதில் அடைபடும் என்று நம்பியே கடைக்காரர் சேலைகளை வாங்கியிருக்கலாம். தெரியாத ஒருவர் பின்னர்த் தோன்றி அந்த நம்பிக்கையைக் குலைக்கலாகாது.

அத்தை கடையில் 15,000 ரூபாய் பெற்றுக்கொண்டார். மீதி 5,000 ரூபாய்க்குப் பக்கத்து வீட்டு அம்மாளே பொறுப்பு. அவர் மாதத் தவணையில் தருகிறார். விற்பனைச் சீட்டில் 'இன்னாருக்காக' என்று அத்தையின் பெயரை எழுதியிருந்தால், கழிவுக்கே இடமிருந்திராது.

நண்பர்களே, பிறர் மூலம் விற்கலாம். ஆனால் பெயரை மட்டும் மறைக்க வேண்டாம்!