குழந்தைமையும் அதிகாரமும்: மூன்று கல்விமுறைகளை முன்வைத்து

கல்விமுறை என்பது பாடம் சொல்லும் உத்தி மட்டுமல்ல. குழந்தை என்றால் யார் என்ற கருத்தாக்கத்தை முதலில் அது கட்டமைத்துக்கொள்கிறது; பிறகுதான் கற்பிக்கிறது. 'புள்ளைக்கு எப்ப எழுத்து வரும்?' என்று நாம் கேட்கும்போதே குழந்தை, நிரப்பவேண்டிய காலிப் பாத்திரமாகிவிடுகிறது. இந்தப் பார்வையை மறுத்த மூன்று முறைகளில் அதிகாரம் எங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது என்று பார்க்க விரும்புகிறேன்.

மருத்துவரான மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லோரென்சோ என்ற உழைப்பாளர் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரைப் பாழாக்குகிறார்களே என்பது கட்டிடக்காரர்களின் கவலை. இடம் தந்தது அவர்கள்தான். அவருடைய கருவிகளில் ஒன்று, 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர்வரை பத்து மரக்கட்டைகள். தப்பாக அடுக்கினால் கோபுரமே காட்டிக்கொடுத்துவிடும், டீச்சர் திட்டவேண்டியதில்லை. பிரம்பு போய்விட்டது, சரி. ஒழுங்கு போகவில்லை, பொருளுக்குள் இடம் மாறியிருக்கிறது. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இங்கே சந்தேகம் வரும். எனக்கும் வருகிறது. ஆனால் மரக்கட்டை சாதி கேட்பதில்லை, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவதில்லை. அடிக்கிற கைக்கும் சரிகிற கட்டைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கோட்பாடு அழித்துவிடக்கூடாது.

எம்மி பிக்லர் 1946இல் புடாபெஸ்டில் ஆதரவற்ற கைக்குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். குழந்தை தானாக உட்காரும்வரை யாரும் உட்காரவைக்கக்கூடாது, கைபிடித்து நடத்தக்கூடாது. குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் அவசரம் கூடாது. என்ன செய்யப்போகிறோம் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டே செய்யவேண்டும். இங்கே பராமரிப்பே பாடம். நம் வீடுகளில் பாட்டி காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டுவதை நாம் அறிவாகக் கணக்கில் எடுத்ததுண்டா? பொம்பளைங்க வேலை என்று ஒதுக்கிவைத்தோம்.

மூன்றாவது, ரெஜ்ஜோ எமிலியா. 1945இல் வட இத்தாலியின் வில்லா செல்லா கிராமத்தார், பின்வாங்கிய ஜெர்மன் படை விட்டுப்போன டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தக் காசில் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். லோரிஸ் மலகுட்சி என்ற இளம் ஆசிரியர் அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1963 முதல் நகராட்சியே இத்தகைய பள்ளிகளை நடத்தத் தொடங்கியது. முன்கூட்டியே எழுதிய பாடத்திட்டம் கிடையாது. பிள்ளைகள் பேசுவதை, வரைவதை, களிமண்ணில் செய்வதை ஆசிரியர்கள் பதிவுசெய்து சுவரில் வைக்கிறார்கள். பதிவு கண்காணிப்பாக மாறக்கூடியதுதான். பெற்றோரும் ஊராரும் அதைப் படித்து விவாதிக்கும்போது, அது ஒருத்தர் கையில் மட்டும் இருக்கும் கோப்பாக ஆகிவிடுவதில்லை.

இம்மூன்றும் வறுமையிலிருந்தோ போரின் இடிபாட்டிலிருந்தோ பிறந்தவை. 1939இல் அடையாறுக்கு வந்த மாண்டிசோரி, போர் காரணமாக 1946வரை இந்தியாவிலேயே தங்கினார். இன்று நம் நகரங்களில் அவர் பெயர் கட்டண விளம்பரப் பலகையாகியிருக்கிறது. ஆனால் அதே முறையைத் தாராபாய் மோடக் இன்றைய மகாராஷ்டிரத்தின் கடலோரக் கிராமங்களுக்கும் ஆதிவாசிக் குடியிருப்புகளுக்கும் கொண்டுபோனார்; பிள்ளைகள் இருக்கும் முற்றத்திலேயே பள்ளி நடந்தது. அங்கன் என்றால் முற்றம்தான்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975இல் வந்தது. அங்கன்வாடி ஊழியருக்கு மத்திய அரசு தருவது சம்பளமல்ல, மதிப்பூதியம். அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்சநீதிமன்றம் சொல்லவே 2022 ஆகிவிட்டது. சமையல், எடை பார்த்தல், பதிவேடு, கணக்கெடுப்பு என எல்லாம் அவர் தலையில்.

எந்த முறை பிள்ளையைச் சீக்கிரம் கெட்டிக்காரனாக்கும் என்று ஒப்பிடுவதை நான் ஏற்கவில்லை. குழந்தையின் அருகே அவசரமில்லாமல் உட்கார ஒரு பெரிய ஆளுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? ஒப்பீட்டை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கவேண்டும்.