சோதனை முடிந்தும் இறங்காத சரக்கு: கேப்டன் அலி கப்பலின் கதை

பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து வீடு கட்டிய காரைக்குடிப் பகுதியில், சரக்கைத் துறைமுகத்தில் இறக்குவது கடலைக் கடப்பதை விடச் சிக்கலானது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அச்சரக்கு நிவாரணப் பொருளாக இருந்தாலும் சுங்கத்துறை விலகிக்கொள்வதில்லை என்பதற்கு 2009-இல் ‘வணங்காமண்’ என்ற பெயரால் அறியப்பட்ட கேப்டன் அலி கப்பல் சான்றாகும்.

ஐரோப்பியத் தமிழர்கள், இலங்கையில் போர் நடந்த வன்னிப் பகுதி மக்களுக்காகத் திரட்டிய 884 டன் உணவையும் மருந்தையும் ஏற்றிக்கொண்டு, அக்கப்பல் பிரான்சிலிருந்து மே மாதத்தில் புறப்பட்டது; அது இலங்கையை நெருங்குவதற்குள் போரே முடிந்துவிட்டது. ஜூன் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படை அதனை மறித்துச் சோதித்து, ஆயுதம் எதுவும் அகப்படாத நிலையிலும், முன்அனுமதியின்றி வந்ததென்று கூறித் திருப்பியனுப்பியது. சட்டப்படி பார்த்தால் சோதனையில் தவறில்லை. பொதுமக்களுக்கான மருந்துப் பொருள்களுக்கு வழிவிட வேண்டும் என்று கூறும் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவே, வழிவிடும் நாடு நிபந்தனைகள் விதிக்கவும் இடமளிக்கிறது. அனுமதி பெறாமல் கப்பலை அனுப்பியது ஏற்பாட்டாளர்களின் பிழையே. ஆனால் சோதனையில் குற்றம் காணாத பின்னும் பொருளைத் தடுத்ததற்கு அந்த நியாயம் பொருந்தாது.

கப்பல் சென்னைக்கு அப்பால் நங்கூரமிட்டுக் கிடக்க, அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி மத்திய அரசுக்கு எழுதினார். டெல்லி வந்த இலங்கைக் குழுவுடன் பேசி, செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் பொருளை அனுப்ப இணக்கம் காணப்பட்டது. சென்னையில் இறக்கப்பட்ட சரக்கு 27 கொள்கலன்களில் வேறொரு கப்பலில் கொழும்பை அடைந்தது. அரசியல் தடை நீங்கியது. கணக்குத் தடை எழுந்தது. சரக்கை விடுவிக்க, அதைப் பெறுபவர் எவர் என்ற ஆவணமும், தீர்வை அல்லது அதற்கான விலக்கும், குறித்த நாளுக்குள் எடுக்காத சரக்குக்கு விதிக்கப்படும் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணமும் தீர்க்கப்பட வேண்டும். இவற்றை யார் ஏற்பது என்பது முடிவாகாமல் பெட்டிகள் மாதக்கணக்கில் துறைமுகத்தில் கிடந்தன. அவை சேர வேண்டிய மக்கள் அப்போது, போரால் இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாம்களில் இருந்தனர்.

இதற்கு மாறாக, பொருளாதார நெருக்கடியில் இருந்த இலங்கைக்கு 2022 மே மாதம் தமிழக அரசு அனுப்பிய அரிசி, பால் பவுடர், மருந்து ஆகியவை இந்திய அரசின் வழியாக, இலங்கை அரசையே பெறுநராகக் கொண்டு சென்றன. 18-ஆம் தேதி சென்னையில் புறப்பட்ட அந்தக் கப்பல் 22-ஆம் தேதி கொழும்பை அடைந்தது.